விலைப்படாத வீடு

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். "வீட்டை விற்றுப்பார்" என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் குடியிருந்த வீட்டை விற்பது அரிது. கடன் முற்றினாலன்றி ஒருவரும் அதற்கு உடன்படார். விற்றவரும் அதனை ஊரறியச் சொல்லார்.

இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். பெற்றோர் ஒருவர்பின் ஒருவராகக் காலமாகின்றனர். பூட்டிய வீட்டிலே கறையான் குடிபுகுகின்றது, வேலி சரிகின்றது, கிணற்றுக் கட்டிலே ஆலங்கன்று முளைக்கின்றது. "இனி இதை விற்றுவிடுவோம்" என்று குடும்பத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மௌனமாயிருக்க, அந்த மௌனமே சம்மதமாகக் கொள்ளப்படுகின்றது.

பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பர். சித்திரையில் வந்த விளம்பரம் ஆவணியில் மறுபடியும் வருகின்றது. அதே ஊர், அதே நாலு பரப்புக் காணி, அதே நன்னீர்க் கிணறு. புதிதாகச் சேர்ந்திருப்பன இரண்டே சொற்றொடர்கள்: 'உடன் விற்பனைக்கு', 'விலை பேசித் தீர்மானிக்கலாம்'. அவற்றின் பின்னே ஒரு குடும்பத்தின் பல மாதக் கவலை மறைந்து கிடக்கின்றது.

முதன்முறை விலைப்படாத வீட்டை என்ன செய்வது? இக்கேள்வியை எம்மிடம் கேட்டவர்கள் பலர். தரகரை மாற்றலாம் என்பர் சிலர். விலையைக் குறைக்கலாம் என்பர் வேறு சிலர். வாசற்படியை இடித்துத் திசை மாற்றலாம் என்று சொல்வாரும் உளர். இவையெல்லாம் பின்னர் பார்க்க வேண்டியவை. எம் மண்ணில் ஒரு வீடு விலைப்படாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றது. ஆனால் அது சுவரிலோ கூரையிலோ இல்லை. குடும்பத்தார் தமக்குள் பேசி முடிக்காத பேச்சிலும், பெட்டியில் மடித்து வைத்த உறுதியிலுமே இருக்கின்றது. இரண்டாம் அறிவித்தலைப் பத்திரிகைக்குக் கொடுக்குமுன் அந்த இரண்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே நாம் இவ்வாரம் சொல்ல விரும்புவது.

முதல் அறிவித்தல் யாருக்கு?

எம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சியிலே, தேசாதிபதி கோர்ணேலிஸ் யோவான் சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706 ஆம் ஆண்டில் எம்மவரின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் படித்துப் பார்த்துச் சரியென ஒப்பினர். 1707 இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806 இல் தம் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர். இதுவே தேசவழமை.

தேசவழமையிலே காணி விற்பனை பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஒருவர் தம் காணியை அந்நியருக்கு விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், காணியை ஈடாகப் பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும். வாங்க விரும்பினால் அவர்களுக்கே முதலிடம். அவ்வூரில் இருப்போருக்கு ஒரு மாதம் தவணை. அதே மாகாணத்து வேற்றூரில் இருப்போருக்கு மூன்று மாதம். வேறு மாகாணத்தில் இருப்போருக்கு ஆறு மாதம். பிறநாட்டில் இருப்போருக்கு ஓராண்டு. தபாலும் தந்தியும் இல்லாத காலத்திலே, கடல் கடந்து போனவனுக்கும் ஓராண்டு காத்திருந்த சமூகம் அது!

ஒல்லாந்தர் இம்முறையைச் சிறிது மாற்றினர். காணியை விற்கக் கருதுபவர் தாம் சேர்ந்த கோவிற்பற்றுத் தேவாலயத்திலே அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதனைப் பிரசித்தப்படுத்த வேண்டுமென விதித்தனர். உறுதி ஓலைகளை அக்காலத்தில் எழுதியவர்களும் அக்கோவிற்பற்றுப் பள்ளிக்கூட உபாத்தியாயர்களே. ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இதனை நினைக்க ஒரு தனி மகிழ்ச்சி. ஊராரின் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவரே ஊராரின் காணிக்கும் எல்லை எழுதினார்.

காலப்போக்கில் இவ்வுரிமை சுருங்கியது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டம் அதனை உடன்பங்காளருக்கும், விற்பவர் மரணசாதனமின்றி இறந்தால் அவருக்கு உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் என வரையறுத்தது. பழைய ஏற்பாட்டில் இடம் பெற்றிருந்த அயற்காணிக்காரர் இதில் இல்லை. ஆயினும் பிரிக்கப்படாத பங்கு ஒன்றை விற்பவர், பங்காளருக்கு முறைப்படி அறிவியாமல் அந்நியருக்கு எழுதிக் கொடுத்தால், பின்னர் வழக்கு வர இடமுண்டு. இதனை அறிந்த கொள்வனவாளர், பங்காளர் எல்லாரும் ஒப்பமிடாத காணிக்கு முற்பணம் கொடுக்கத் தயங்குகின்றார். "வீடு நல்லது, யோசித்துச் சொல்லுகிறோம்" என்று நாகரிகமாகச் சொல்லிப் போய்விடுகின்றார். விற்பவரோ விலை கூடிப்போயிற்றென்று நினைத்துக்கொள்கின்றார்.

இச்சட்டத்தை வெறும் சட்டமாகப் பார்ப்பவர்களுக்கு அது ஒரு தடை. அதன் உள்ளத்தைப் பார்ப்பவர்களுக்கு அது ஒரு பெரியவரின் அறிவுரை: ஊருக்குச் சொல்லுமுன் உன் வீட்டாருக்குச் சொல்.

ஒரு குடும்பத்தின் கதை

எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. பெயரும் ஊரும் வேண்டா. வலிகாமத்திலே ஒரு சிற்றூர் என்று கொள்க. நாலு பரப்பு வளவு. நடுவே 1950 களில் கட்டிய ஓட்டு வீடு. மூன்று பிள்ளைகள். மூத்தவர் தமக்கையார், கணவனை இழந்தவர். அவருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு வலிகாமம் வடக்கிலே இருந்தது. 1990 இல் அப்பகுதி மக்கள் வெளியேறியபோது அவரும் வெளியேறினார். பல்லாண்டுகள் கழித்துக் காணி விடுவிக்கப்பட்டபோது அங்கே அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஆகவே தாய்வீட்டிலேயே தங்கி, தாயாரை இறுதிவரை பராமரித்தார். தம்பியர் இருவர், ஒருவர் ரொறன்ரோவில், மற்றவர் பாரிசில்.

தாயார் காலமாகி ஆண்டுத் திவசம் முடிந்தபின், 2021 இல் முதல் அறிவித்தல் வெளிவந்தது. விலையைத் தீர்மானித்தவர் ரொறன்ரோவில் உள்ள தம்பி. அந்த நகரத்து வீட்டு விலைகளைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. பார்க்க வந்தவர்கள் பலர். எவரும் இரண்டாம் முறை வரவில்லை. 2022 இல் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்தது. ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. "டொலர்க் கணக்கிலே எங்கள் வீட்டின் பெறுமதி பாதியாய்ப் போயிற்று, விலையைக் கூட்டவேண்டும்" என்றார் ஒரு தம்பி. "அங்கே வாங்குபவனின் சம்பளம் ரூபாவில் அல்லவா? குறைக்க வேண்டும்" என்றார் மற்றவர். இப்படியே ஈராண்டு கழிந்தது. விலையைக் குறைத்தும் பார்த்தனர். வீடு விலைப்படவில்லை.

2023 இல் நல்லூர்த் திருவிழாவுக்கென வந்த இளைய தம்பி ஒரு மாதம் அந்த வீட்டிலேயே தங்கினார். அப்போதுதான் அவர் கண்டார்: வீடு பார்க்க வருபவர்களுக்குத் தமக்கையார் தேநீர் கொடுப்பார், அன்போடு பேசுவார், பின்னர் தாமாகவே அவர்களை அழைத்துச் சென்று மாரியில் ஒழுகும் மூலையைக் காட்டுவார், மேற்குச் சுவரின் வெடிப்பைக் காட்டுவார், கிணற்றிலே பக்கத்து வளவாருக்குப் பங்கு உண்டென்பதையும் சொல்வார். அவர் சொன்னவற்றில் ஒன்றேனும் பொய்யில்லை. ஆயினும் விற்க விரும்புபவர் சொல்லும் முறையில் அவர் அவற்றைச் சொல்லவில்லை.

அன்றிரவு தம்பி கேட்டார்:

"அக்கா, இந்த வீடு விக்கிறது உங்களுக்கு விருப்பமில்லையோ? ஏன் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்னை ஆர் தம்பி கேட்டது?" என்றார் அவர்.

மூன்றில் ஒரு பங்கு அவருடையது. சட்டப்படி முதல் அறிவித்தல் பெறவேண்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த அறிவித்தலோ அவர் காலையில் படிக்கும் பத்திரிகையிலே, ஊரார் எல்லாருக்கும் கிடைத்ததுபோலவே அவருக்கும் கிடைத்தது. அறுபது வயதுக்குமேல் எங்கே போவது என்ற கேள்வியை அவர் ஒருவரே இரவுகளில் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பங்குக் காசில் வேறு வீடு வாங்கலாமென்று தம்பியர் இருவரும் தத்தம் மனத்தில் நினைத்திருந்தனர். எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. அந்த வீடு ஈராண்டு விலைப்படாமல் நின்றது இதனாலேயே.

பின்னர் நடந்தது சுருக்கமானது. நில அளவையாளரை அழைத்து வளவை அளந்தனர். பின்பக்கத்து ஒன்றரைப் பரப்பு, ஒழுங்கையிலிருந்து வழியுரிமையோடு, தமக்கையாருக்கு என எழுதப்பட்டது. கிணற்றில் அவருக்குள்ள பங்கும் உறுதியில் குறிக்கப்பட்டது. வீடு நின்ற இரண்டரைப் பரப்பையும் விற்று, வரும் காசில் முதலில் அவருக்கு ஒரு சிறு வீடு கட்டுவதென்றும், மிஞ்சியதைத் தம்பியர் பங்கிடுவதென்றும் முடிவாயிற்று. வீட்டை 2024 இல் வாங்கியவர்கள் புதியவர்கள் அல்லர். முதல் அறிவித்தல் வந்த மாதத்திலேயே வந்து பார்த்து, பங்காளர் ஒப்பம் தெளிவில்லையென்று திரும்பிய அயலூர்க் குடும்பத்தார். கிடைத்த விலை முதலில் கேட்டதிலும் குறைவு. ஆனால் மூவரும் இன்றும் ஒருவரோடொருவர் பேசுகின்றனர். எமது ஊர்களில் காணிக் கணக்கு முடிந்தபின் இப்படிச் சொல்லக்கூடிய குடும்பங்கள் அதிகமில்லை.

பெட்டியிலிருக்கும் உறுதி

குடும்பப் பேச்சு முடிந்தபின் பார்க்கவேண்டியது உறுதி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி, அசையா ஆதனத்தின் விற்பனை பிரசித்த நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் எழுத்தில் நிறைவேறினாலன்றிச் செல்லாது. ஆகவே எமது காணிகளின் வரலாறு முழுவதும் உறுதிகளிலே எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால் பல வீடுகளில் கடைசி உறுதி பாட்டியாரின் சீதன உறுதியாகவே இருக்கின்றது. அதன்பின் இரண்டு தலைமுறை ஆண்டு அனுபவித்தது, எழுதிக் கொள்ளவில்லை.

வாங்குபவரின் சட்டத்தரணி காணிப் பதிவகத்திலே குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பார். கடன் கொடுக்கும் வங்கியும் அவ்வாறே பார்க்கும். இடையிலே ஒரு கண்ணி அறுந்திருந்தால் வங்கி கடன் கொடாது. வங்கிக் கடனின்றி முழுக் காசையும் எண்ணிக் கொடுத்து வீடு வாங்கக்கூடியவர்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்? ஆகவே உறுதி தெளிவில்லாத வீட்டுக்குக் கொள்வனவாளர் தொகையே குறைந்துவிடுகின்றது.

"எங்கள் உறுதி 1995 இடப்பெயர்விலே தொலைந்துபோயிற்று" என்று சொல்லி மனமுடைந்து போவாரும் உளர். அவ்வாண்டு ஐப்பசி மாதத்து முடிவிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எடுத்துச் செல்ல முடியாமற் போனவை பல. ஆனால் மனம் தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு தாம் நிறைவேற்றும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். அங்கே அது இருக்குமாயின், அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். காணி நீண்டகாலம் பிறர் கையில் இருந்துவிட்டதே என்று அஞ்சுவோர், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பற்றிச் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். போரினால் தம் காணியை அணுக முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேராமல் விடுவதற்கு அது வழி செய்தது.

வேறு சில முடிச்சுகளும் உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தம் அசையா ஆதனத்தை விற்பதற்கு, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைச் சட்டப்படி, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இது பெண்களுக்கு இழைக்கும் அநீதி என்று பலகாலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. எம் கருத்தும் அதுவே. ஆயினும் விற்பனை நாளன்று நொத்தாரிசின் மேசைமுன் அதனை அறிந்து திகைப்பதிலும், முன்னரே அறிந்திருத்தல் நன்று. வெளிநாட்டில் இருக்கும் பங்காளர் வரமுடியாவிடின், அங்குள்ள எம் தூதரகம் வழியாக உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்பி, இங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்குப் பல வாரம் செல்லும். இரண்டு வார விடுமுறையில் வந்து, திருவிழாவும் பார்த்து, வீட்டையும் விற்றுப் போகலாமென்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனாலேயே.

விலை என்னும் மாயம்

இனி விலைக்கு வருவோம். 2001 இல் டேவிட் ஜெனசோவ், கிறிஸ்தோபர் மேயர் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள், அமெரிக்காவின் பொஸ்ரன் நகர மத்தியிலே 1990 களில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். விலைகள் வீழ்ந்திருந்த காலம் அது. தாம் வாங்கிய விலையிலும் குறைவாக விற்க நேரிட்டவர்கள், மற்றவர்களைவிடக் கூடிய விலையைக் கேட்டனர் என்றும், அவர்களின் வீடுகள் கூடிய நாள் விலைப்படாமல் நின்றன என்றும் அவர்கள் கண்டனர். கடைசியில் விற்றபோது அவர்களுக்குச் சிறிது கூடுதலான விலை கிடைத்ததும் உண்மையே. ஆனால் பலர் விற்கவே முடியாமல் சந்தையை விட்டு விலகினர். இழப்பை ஒப்புக்கொள்ள மனித மனம் அத்துணை எளிதில் இணங்குவதில்லை.

யாழ்ப்பாணத்து விற்பவருக்கு இழப்பென்று தோன்றுவது வாங்கிய விலையன்று. வீட்டை வாங்கியவரே அவர் அல்லர். தந்தையார் கல் சுமந்து கட்டிய உழைப்பும், தாயார் நட்ட மாமரமும், தாம் ஏடு தொடங்கிய விறாந்தையும் அவர் கணக்கில் ஏறிவிடுகின்றன. அவற்றுக்கு விலை உண்டென்று அவர் நினைக்கின்றார். அவருக்கு உண்டு, வாங்குபவருக்கு இல்லை. அவர் பரப்புக் கணக்கு மட்டுமே பார்ப்பார். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். பதினெட்டுக் குழி கொண்டது ஒரு பரப்பு. பக்கத்து வளவு பரப்பு என்ன விலைக்குப் போயிற்று என்பதே அவர் கேள்வி. அதனோடு முத்திரை வரியும் அவர் தலையிலேயே விழுகின்றது.

கொள்வனவாளர் யார் என்பதையும் எண்ண வேண்டும். "வெளிநாட்டில் உள்ள எம்மவர் வாங்குவர்" என்று நம்பி விலை வைப்போர் பலர். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணியை விலைக்கு மாற்ற முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை, பெறாதவர்களுக்கு உண்டு. ஆகவே ரொறன்ரோவில் உள்ள உறவினர் ஆசையோடு கேட்டாலும், அவர் பிரசாவுரிமை நிலை என்னவென்று முதலில் அறிதல் வேண்டும். எஞ்சியிருப்பவர் இங்கேயே உழைத்து வாழும் ஆசிரியர், தாதியர், வணிகர், கமக்காரர். அவர்கள் கைக்கெட்டும் விலையே அந்த ஊரின் விலை.

இரண்டாம் அறிவித்தல்

இவையெல்லாம் முடிந்தபின்னரே வீட்டைத் திருத்தத் தொடங்கலாம். பெருஞ்செலவு வேண்டியதில்லை. யன்னல்களைத் திறந்து காற்றோட விடுக, ஒழுகும் ஓட்டை மாற்றுக, வேலியை அடைக்க, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குக. முடியுமாயின் கிணற்று நீரைப் பரிசோதித்து அதன் அறிக்கையைக் கையில் வைத்திருத்தல் நன்று. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014 இலும் 2015 இலும் பெரும் பேச்சானபின், வலிகாமத்திலே வீடு பார்க்க வருபவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான்.

குறைகளை மறைத்தலும் வேண்டா. தமக்கையார் செய்ததுபோலக் குறைகளை மட்டும் காட்டுதலும் வேண்டா. வெடிப்பு இருக்குமாயின் மேசன் ஒருவரைக் கொண்டு பார்த்து, திருத்த என்ன செலவாகும் என்று கேட்டு, அதனை வாங்குபவரிடம் சொல்லிவிடுக. சொன்ன குறைக்கு வாங்குபவர் விலை குறைப்பார். சொல்லாத குறைக்கு உறவே குறையும்.

அறிவித்தலில் எழுதும் சொற்களிலும் உண்மை வேண்டும். 'அரிய சந்தர்ப்பம்', 'உடன் விற்பனைக்கு' என்பவற்றால் வாங்குபவருக்குத் தோன்றுவது ஐயமே. அவற்றுக்குப் பதிலாக, காணி எத்தனை பரப்பு, அளவை வரைபடம் உண்டா, கிணறு தனியா பங்கா, வாகனம் செல்லும் வழியுண்டா, பங்காளர் அனைவரும் உடன்பட்டுள்ளனரா என்பவற்றை நாலு வரியில் எழுதுக. இரண்டாம் அறிவித்தல் முதலதிலும் கூடுதலான தகவலைச் சொல்ல வேண்டும், கூடுதலான ஆரவாரத்தையன்று. முதன்முறை வந்து திரும்பியவர்களையும் மறவாது ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்களுள் ஒருவர் காரணத்தைச் சொல்லுவார். இன்னொருவர் வாங்கவும் கூடும்.

இவ்வளவும் செய்தும் வீடு விலைப்படாதிருக்கலாம். அப்போது விற்காமல் இருப்பதும் ஒரு முடிவே. நல்ல குடும்பம் ஒன்றை வாடகைக்கு இருத்தினால், வீடு அழியாது. வெறும் வீட்டிலும் மனிதர் நடமாடும் வீடு நெடுநாள் நிற்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இப்பகுதியைப் படிக்கும் மாணவர்கள், "எங்களுக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்கலாம். இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில் அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர்கள் நீங்களே. விடுமுறை நாளொன்றில் உங்கள் வீட்டு உறுதியைத் தரும்படி தந்தையாரையோ தாயாரையோ கேட்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் வளவுக்கு ஒரு பெயர் இருப்பதைக் காண்பீர்கள். வீட்டிலக்கம் வருமுன்னரே எமது ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் இருந்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொற்களைக் காண்பீர்கள்: முன்னோரிடமிருந்து வந்தது, மணத்தின்போது கொடுத்தது, மணவாழ்வில் உழைத்துத் தேடியது. நாலு எல்லையிலும் யார் யாருடைய காணிகள் என்பதைக் காண்பீர்கள். அப்பெயர்களில் சில, இன்று ஊரில் எவரும் சொல்லாத பெயர்களாயிருக்கும். விளங்காத சொல்லைப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. உங்கள் வீடு பற்றி நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்பதைப் பிள்ளைகள் எல்லாரும் கேட்கச் சொல்லிவையுங்கள். கடல் கடந்து இருப்பவனுக்குத் தொலைபேசியிலே சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவளுக்கு நேரிலே சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பதனாலேயே அவளுக்கு எல்லாம் தெரியுமென்று எண்ணிவிடாதீர்கள். கடல் கடந்தவனுக்கு ஓராண்டு தவணை கொடுத்த முன்னோரின் மக்கள் நாம். இன்று ஒரு நொடியில் அவன் குரலைக் கேட்கின்றோம். ஆயினும் அவனோடும் அவளோடும் பேசவேண்டியதைப் பேசுவதற்கு ஆண்டுகள் பல எடுத்துக்கொள்கின்றோம்.